2 வேலி, 7 மா, 35 குழி: ஆர்கியுமென்ட்கள் ஸ்டாக்கில் போகும் வழி

சி மொழித் தேர்வுத்தாளில் ஆண்டு தவறாமல் வரும் கேள்வி, மதிப்பு மூலம் அழைத்தலுக்கும் முகவரி மூலம் அழைத்தலுக்கும் உள்ள வேறுபாடு. மன்னார்குடியில் மாலை வேளைகளில் என்னிடம் படிக்க வரும் பாலிடெக்னிக் மாணவர்கள் எல்லோருக்கும் அதற்கான விடை மனப்பாடம். ஆனால் ஒரு செயற்கூறை (ஃபங்ஷன்) அழைக்கும்போது அடைப்புக்குறிக்குள் நாம் எழுதும் எண்கள், அதாவது ஆர்கியுமென்ட்கள், நினைவகத்தில் எங்கே போய் உட்காருகின்றன, அழைக்கப்பட்ட செயற்கூறு அவற்றை எப்படிக் கண்டெடுக்கிறது, வேலை முடிந்த பிறகு அந்த இடம் என்ன ஆகிறது என்று கேட்டால் பதில் வருவதில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அதை யாரும் அவர்களுக்குத் திறந்து காட்டியதில்லை. அந்த ஓர் இடத்தை ஒருமுறை பைட் பைட்டாகப் பார்த்துவிட்டால், மனப்பாடம் செய்த விதிகளில் பாதிக்கு மேல் தாமாகவே விளங்கிவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகவே இந்தப் பதிவில் ஒரே ஓர் அழைப்பை எடுத்துக்கொண்டு, அதன் கூடவே நடந்துபோய்ப் பார்க்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு நம் பக்கத்து நிலக்கணக்கே போதும். பத்திரத்தில் ஏக்கர், சென்ட் என்றுதான் இருக்கிறது என்றாலும், டெல்டாவின் பெரியவர்கள் பேச்சில் இன்றும் வேலி, மா, குழிதான் வரும். 12 அடிக்கு 12 அடி ஒரு குழி; 100 குழி ஒரு மா; 20 மா ஒரு வேலி. இம்மூன்றையும் வாங்கிக்கொண்டு மொத்தத்தைக் குழியில் சொல்லும் ஒரு செயற்கூறுக்குக் குழியாக்கு என்று பெயர் வைப்போம். அது வேலியை 2000ஆலும் மாவை 100ஆலும் பெருக்கி, குழியுடன் கூட்டி, மொத்தம் என்ற தன் சொந்த மாறியில் வைத்து, அந்த மதிப்பைத் திருப்பித் தருகிறது. நாம் அழைப்பது குழியாக்கு(2, 7, 35). விடை 4735.

இதை 32 பிட் இன்டெல் செயலியில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. இன்று எவர் வீட்டிலும் அப்படிப்பட்ட கணினி இருப்பது அரிது என்றாலும், அங்கே ஆர்கியுமென்ட்கள் அனைத்தும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் நினைவகப் பகுதியான ஸ்டாக் வழியாகவே போகின்றன. செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடமான ரெஜிஸ்டருக்குள் எதுவும் மறைந்துகொள்வதில்லை. நிரல் ஓடத் தொடங்கும்போது இயக்குதளம் நினைவகத்தில் ஒரு பகுதியை ஸ்டாக்குக்கென்று ஒதுக்கித் தருகிறது. அதன் நுனி எந்த முகவரியில் இருக்கிறது என்பதை இஎஸ்பி என்ற ரெஜிஸ்டர் வைத்திருக்கும். புதிதாக ஒன்றைத் தள்ளும்போது அந்த முகவரி குறையும், எடுக்கும்போது கூடும். அதாவது ஸ்டாக் பெரிய முகவரியிலிருந்து சிறிய முகவரியை நோக்கி வளர்கிறது. முதலில் இது தலைகீழாகத் தோன்றும், பழகிவிடும்.

கணக்குக்கு எளிதாக இருக்கட்டும் என்று, அழைப்புக்கு முன் இஎஸ்பியில் 1000 என்ற முகவரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். நம் நிரலை மொழிமாற்றும் உண்மைக் கம்பைலர்கள், முகவரிகளை ஒழுங்கான எல்லையில் நிறுத்துவதற்காக இடையில் சில பைட்களைக் காலியாக விடுவதுண்டு. அதை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை. அழைக்கும் செயற்கூறு முதலில் 35ஐத் தள்ளுகிறது. ஓர் எண்ணுக்கு 4 பைட் ஆகையால் அது 996இல் அமர்கிறது. அடுத்து 7 தள்ளப்பட்டு 992இல் அமர்கிறது. கடைசியாக 2, 988இல். நாம் எழுதிய வரிசைக்கு நேர் எதிராக, வலமிருந்து இடமாகத் தள்ளப்படுவதைக் கவனிக்க வேண்டும். அதன் காரணத்துக்குப் பிறகு வருகிறேன். இப்போது கால் என்னும் கட்டளை வருகிறது. அது இரண்டு வேலைகளைச் செய்கிறது: குழியாக்கு முடிந்த பின் எந்தக் கட்டளையிலிருந்து தொடர வேண்டுமோ அதன் முகவரியை 984இல் எழுதுகிறது, பிறகு குழியாக்கின் முதல் கட்டளைக்குத் தாவுகிறது. திரும்பிப் போகும் வழியும் தரவுகளோடு தரவாக, அதே ஸ்டாக்கில், ஆர்கியுமென்ட்களுக்கு ஒட்டினாற்போல் கிடக்கிறது என்பதை இங்கேயே மனத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

குழியாக்கு உள்ளே நுழைந்ததும் முதல் காரியமாக, இபிபி என்ற மற்றொரு ரெஜிஸ்டரில் அழைத்தவர் வைத்திருந்த மதிப்பைத் தள்ளி 980இல் பத்திரப்படுத்துகிறது. பிறகு இஎஸ்பியின் அப்போதைய மதிப்பான 980ஐ இபிபிக்குள் வைத்துக்கொள்கிறது. இனி இந்தச் செயற்கூறு முடியும்வரை இபிபி அசையாது. அளவெடுப்பதற்கான எல்லைக்கல் அதுதான். அதிலிருந்து 4 பைட் மேலே திரும்பும் முகவரி, 8 பைட் மேலே வேலி, 12 பைட் மேலே மா, 16 பைட் மேலே குழி. 4 பைட் கீழே, 976இல், மொத்தம் என்ற சொந்த மாறி. கம்பைலர் நம் நிரலைப் பொறிமொழிக்கு மாற்றும்போது வேலி, மா என்ற பெயர்கள் எல்லாம் மறைந்துபோகின்றன. மிஞ்சுவது இபிபியிலிருந்து இத்தனை பைட் என்ற தூரம் மட்டுமே. ஒரு செயற்கூறின் ஆர்கியுமென்ட்கள், திரும்பும் முகவரி, பழைய இபிபி, சொந்த மாறிகள் ஆகிய இவ்வளவும் சேர்ந்த பகுதியைத்தான் அந்த அழைப்பின் ஃபிரேம் என்கிறோம்.

ஸ்டாக்கை விளக்கும்போது கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டைகளை அட்டி போடுவதைச் சொல்வது நம் பக்கத்து ஆசிரியர்களின் வழக்கம்: கடைசியில் ஏற்றிய மூட்டையைத்தான் முதலில் இறக்க முடியும். தள்ளுவதற்கும் எடுப்பதற்கும் அது சரியான உவமை. ஆனால் அந்த உவமையோடு நின்றுவிட்டால் மாணவனுக்கு ஒரு தவறான எண்ணம் படிந்துவிடுகிறது. மேலே இருப்பதை இறக்காமல் நடுவில் உள்ளதைத் தொட முடியாது என்று நினைத்துக்கொள்கிறான். குழியாக்கு தன் ஆர்கியுமென்ட்களைப் படிக்க எதையும் இறக்குவதில்லை. திரும்பும் முகவரி அவற்றுக்கு முன்னால் இருந்தபடியே இருக்க, இபிபியிலிருந்து தூரத்தைக் கணக்கிட்டு நேரே போய்ப் படிக்கிறது. தள்ளுவதில்தான் அடுக்கின் ஒழுங்கு. படிப்பதில் அது சாதாரண நினைவகம்தான்.

திரும்பும் பயணம் இதன் மறுதலை. விடையான 4735 இஏஎக்ஸ் ரெஜிஸ்டரில் வைக்கப்படுகிறது. இஎஸ்பி மீண்டும் 980க்கு வருகிறது. பழைய இபிபி எடுக்கப்பட, நுனி 984க்கு நகர்கிறது. ரெட் என்னும் கட்டளை அங்கிருக்கும் முகவரியை எடுத்து அந்த இடத்துக்குத் தாவ, நுனி 988. ஆர்கியுமென்ட்கள் மூன்றும் இன்னும் அங்கேயே இருக்கின்றன. அழைத்த செயற்கூறு இஎஸ்பியுடன் 12ஐக் கூட்டுகிறது. நுனி மீண்டும் 1000. எதையும் யாரும் அழிக்கவில்லை என்பதும் இங்கே கவனிக்கத்தக்கது. 976இல் 4735 இன்னும் கிடக்கிறது. அந்த இடம் எவருக்கும் உரியதல்ல என்று ஆகிவிட்டது, அவ்வளவே. அடுத்த அழைப்பு வந்து அதன்மேல் எழுதும்வரை பழைய மதிப்பு இருக்கும். ஒரு செயற்கூறு தன் சொந்த மாறியின் முகவரியைத் திருப்பித் தந்தால், உடனே அச்சிட்டுப் பார்க்கும்போது சில வேளைகளில் சரியாக இருப்பதும், இடையில் வேறொரு செயற்கூறை அழைத்ததும் குப்பையாக மாறுவதும் இதனால்தான்.

இனி, வலமிருந்து இடமாகத் தள்ளுவதற்கான காரணம். திரையில் அச்சிடும் பிரின்ட்எஃப் போன்ற செயற்கூறுகளுக்கு எத்தனை ஆர்கியுமென்ட்கள் வரும் என்பது எழுதியவருக்கே தெரியாது. ஒன்று வரலாம், பத்து வரலாம். கடைசியில் உள்ளதை முதலில் தள்ளினால், முதலாவது ஆர்கியுமென்ட், மொத்தம் எத்தனை வந்தாலும், இபிபியிலிருந்து 8 பைட் மேலே என்ற மாறாத இடத்தில் அமர்ந்துவிடும். பிரின்ட்எஃப் தன் முதலாவது ஆர்கியுமென்ட்டான வடிவச் சரத்தைப் படித்து, அதில் எத்தனை எண் கேட்கப்பட்டிருக்கிறதோ அத்தனை முறை மேலே ஏறிப்போய் எடுத்துக்கொள்கிறது. எத்தனை வந்தன என்று அதற்கு வேறு எவரும் சொல்வதில்லை. சரத்தில் மூன்று எண் கேட்டுவிட்டு இரண்டு மட்டும் கொடுத்தால், மூன்றாவதாக ஸ்டாக்கில் அடுத்து என்ன கிடக்கிறதோ அதையே எண்ணாக நினைத்து அச்சிடும்.

தள்ளும் வரிசையைப் பற்றிப் பேசும்போது ஒரு பொறியைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆர்கியுமென்ட்கள் எந்த இடத்தில் அமரும் என்பது உறுதி. அவற்றின் மதிப்பு எந்த வரிசையில் கணக்கிடப்படும் என்பதைச் சி மொழி உறுதி செய்யவில்லை. பயனரிடம் ஓர் எண்ணை வாங்கித் தரும் எண்வாங்கு என்ற செயற்கூறை மூன்று ஆர்கியுமென்ட்களின் இடத்திலும் எழுதி, பயனர் 2, 7, 35 என்று தட்டினால், ஜிசிசி கம்பைலர் பெரும்பாலும் வலப்பக்கத்திலிருந்து தொடங்கி 2ஐக் குழிக்கும் 35ஐ வேலிக்கும் கொடுத்துவிடும். விடை 70702. அதே நிரலைக் கிளாங் கம்பைலரில் ஓட்டினால் 4735. இரண்டு கம்பைலர்களும் தவறு செய்யவில்லை. முதலில் மூன்று மாறிகளில் தனித்தனியாக வாங்கிக்கொண்டு பிறகு அழைப்பதே முறை.

இவை எல்லாம் செயலியில் பொறிக்கப்பட்ட சட்டங்கள் அல்ல. அழைப்பவருக்கும் அழைக்கப்படுபவருக்கும் இடையே உள்ள உடன்படிக்கை. மேலே நாம் பார்த்தது சிடெக்ல் எனப்படும் முறை. அதில் ஆர்கியுமென்ட்களை நீக்கும் பொறுப்பு அழைத்தவருடையது. விண்டோஸின் 32 பிட் இடைமுகச் செயற்கூறுகள் எஸ்டிடிகால் என்ற முறையைப் பின்பற்றின. அதில் அழைக்கப்பட்ட செயற்கூறே ரெட் கட்டளையோடு சேர்த்து 12 பைட்டையும் நீக்கிவிட்டுத் திரும்பும். ஒவ்வோர் அழைப்பிடத்திலும் கூட்டல் கட்டளை எழுத வேண்டியதில்லை என்பதால் நிரலின் அளவு குறையும். ஆனால் எத்தனை ஆர்கியுமென்ட் வரும் என்று தெரியாத செயற்கூறுக்கு அது பொருந்தாது. ஒரு தரப்பு ஒரு முறையையும் மறுதரப்பு வேறு முறையையும் நினைத்துக்கொண்டால், ஒவ்வோர் அழைப்புக்கும் நுனி 12 பைட் தள்ளிப்போய், நிரல் வேறெங்கோ தொடர்பில்லாத இடத்தில் விழும்.

இப்போது தேர்வுக் கேள்விக்கு வரலாம். ஒரு மாணவி, கொடுத்த மா எண்ணிக்கையை இரட்டிப்பாக்கும் செயற்கூறு ஒன்றை எழுதிக்கொண்டு வந்து, "சார், உள்ள மாத்துறேன், 14னுதான் காட்டுது. வெளிய வந்து பாத்தா பழைய 7ஏ இருக்கு சார்" என்றாள். "ஸ்டாக்கத் தெறந்து பாரும்மா, எத்தன 7 இருக்கு?" என்று கேட்டேன். நிரலை இடையில் நிறுத்தி நினைவகத்தைக் காட்டும் டிபக்கரில் பார்த்தபோது இரண்டு 7 இருந்தன: ஒன்று, அழைத்த மெயின் செயற்கூறின் ஃபிரேமில் உள்ள மாறி, மற்றொன்று அழைப்பதற்காகத் தள்ளப்பட்ட நகல். செயற்கூறு மாற்றியது நகலை. அந்த நகலின் இடம்தான் திரும்பியதும் கைவிடப்படுகிறது. மாறியின் முகவரியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்றால், அப்போதும் நகல்தான் போகிறது. ஆனால் முகவரியின் நகல். நகலெடுத்தாலும் அது சுட்டும் இடம் ஒன்றே ஆகையால், அங்கே போய் எழுதினால் மெயினில் உள்ள மாறியே மாறும். சி மொழியில் ஆர்கியுமென்ட் போகும் வழி மதிப்பு மூலம் என்ற ஒன்றுதான். அணியை (அர்ரே) கொடுக்கும்போது மட்டும் மாற்றம் வெளியே தெரிவதற்கும் தனி விதி வேண்டாம். அங்கே தள்ளப்படுவது அணியின் முதல் உறுப்பின் முகவரி.

ஸ்டாக்கின் அருமை முழுவதும் தெரிவது தற்சுழற்சியில், அதாவது ஒரு செயற்கூறு தன்னையே அழைப்பதில். நம் ஆறுகளையே தரவாக எடுத்துக்கொள்வோம். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று நீர் பிரிகிறது. வெண்ணாற்றிலிருந்து தென்பெரம்பூரில் வெட்டாறு பிரிகிறது. நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் கோரையாறும், மன்னார்குடியைத் தொட்டுக்கொண்டு ஓடும் பாமணியாறும் பிரிகின்றன. அவற்றிலிருந்து வாய்க்கால்கள், வாய்க்கால்களிலிருந்து கிளை வாய்க்கால்கள். ஓர் ஆற்றின் நேரடிப் பாசனப்பரப்போடு அதன் கிளைகள் ஒவ்வொன்றின் பாசனப்பரப்பையும் கூட்டித் தரும் செயற்கூறு ஒன்றை எழுதினால், அது ஒவ்வொரு கிளைக்கும் தன்னையே அழைத்துக்கொள்ளும். பாமணியாற்றுக்கான கணக்கு நடந்துகொண்டிருக்கும் கணத்தில், வெண்ணாற்றின் ஃபிரேம் ஸ்டாக்கில் அப்படியே காத்திருக்கிறது: வெட்டாற்றையும் கோரையாற்றையும் கூட்டி வைத்த பாதி மொத்தம், எந்தக் கிளைவரை வந்தோம் என்ற எண், திரும்ப வேண்டிய முகவரி எல்லாம் அதில் உள்ளன. பாமணியாற்றின் ஃபிரேமிலும் மொத்தம் என்றே ஒரு மாறி உண்டு. நிரலில் பெயர் ஒன்று, எழுதிய வரி ஒன்று. ஸ்டாக்கில் இடம் வேறு. ஆகவே ஒன்றின் கணக்கு மற்றொன்றைக் கெடுப்பதில்லை.

ஒரே நேரத்தில் எத்தனை ஃபிரேம் இருக்கும் என்று கேட்டால், டெல்டாவில் ஆயிரக்கணக்கில் வாய்க்கால் இருப்பதால் ஆயிரக்கணக்கில் இருக்கும் என்று பலரும் சொல்கிறார்கள். அப்படியல்ல. கல்லணை, வெண்ணாறு, பாமணியாறு, வாய்க்கால், கிளை வாய்க்கால் என்று ஒரு வழியில் எத்தனை படி இறங்குகிறோமோ அத்தனை ஃபிரேம் மட்டுமே. ஒரு கிளை முடிந்ததும் அதன் இடத்தை அடுத்த கிளை எடுத்துக்கொள்கிறது. ஆனால் தரவைத் தட்டச்சு செய்யும்போது பாமணியாற்றின் கிளையாக வெண்ணாற்றையே எழுதிவிட்டால் கதை வேறு. வெண்ணாறு பாமணியாற்றையும் பாமணியாறு வெண்ணாற்றையும் முடிவின்றி அழைக்கும். லினக்ஸில் முதன்மை ஸ்டாக்கின் வழக்கமான உச்ச அளவு 8 எம்பி. ஒரு ஃபிரேம் 64 பைட் என்றால் 131072 அழைப்புகளில் இடம் தீர்ந்து, செக்மென்டேஷன் ஃபால்ட் என்ற ஒற்றை வரியோடு நிரல் நின்றுவிடும்.

இந்த ஏற்பாடு கணினியோடு கூடவே பிறந்ததன்று. கேம்பிரிட்ஜில் 1949இல் ஓடத் தொடங்கிய எட்சாக் கணினியில் டேவிட் வீலர் கையாண்ட முறையில், அழைக்கப்பட்ட துணைநிரல் திரும்பிப்போகும் தாவல் கட்டளையைத் தானே உருவாக்கித் தன் உடலின் கடைசியில் எழுதிக்கொள்ளும். 1965இல் வந்த பிடிபி-8 கணினியும் திரும்பும் முகவரியைத் துணைநிரலின் முதல் சொல்லிலேயே எழுதியது. ஒரு துணைநிரலுக்குத் திரும்பும் முகவரி வைக்க ஒரே ஓர் இடம். தன்னையே அழைத்தால் அந்த முகவரி அழிந்துவிடும். நம் வெண்ணாற்றுக் கணக்கை அப்படியே அங்கே எழுத முடியாது. ஆலன் டூரிங் 1946இல் முன்வைத்த ஏஸ் கணினித் திட்டத்தில், திரும்பும் இடத்தைப் புதைத்து வைத்து மீண்டும் தோண்டி எடுக்கும் யோசனை இருந்தது. ஃபிரெட்ரிக் பவரும் கிளாஸ் சாமெல்சனும் 1957இல் ஸ்டாக் முறைக்குக் காப்புரிமை கோரினார்கள். அல்கால் 60 மொழி தற்சுழற்சியை அனுமதித்த பிறகு, ஃபிரேம்களை ஸ்டாக்கில் வைக்கும் முறை நிலைபெற்றது.

64 பிட் உலகில் காட்சி மாறியிருக்கிறது. லினக்ஸும் மேக்கும் இன்டெல் வகைச் செயலியில் பின்பற்றும் உடன்படிக்கையில் முதல் ஆறு முழு எண் அல்லது முகவரி ஆர்கியுமென்ட்கள் ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்சிஎக்ஸ், ஆர்8, ஆர்9 ஆகிய ரெஜிஸ்டர்களில் போகின்றன, ஏழாவதிலிருந்துதான் ஸ்டாக். விண்டோஸ் நான்கை மட்டும் ரெஜிஸ்டரில் அனுப்புகிறது. ஆனால் அந்த நான்குக்கும் ஸ்டாக்கில் 32 பைட் இடத்தை அழைப்பவர் ஒதுக்கியே ஆக வேண்டும். நம் கையில் உள்ள கைப்பேசிகளின் 64 பிட் ஆர்ம் செயலியில் எட்டு ஆர்கியுமென்ட்கள் ரெஜிஸ்டரில் போகும். திரும்பும் முகவரியும் எக்ஸ்30 என்ற ரெஜிஸ்டரில்தான் முதலில் இருக்கும், செயற்கூறு வேறொன்றை அழைத்தால் மட்டுமே அதை ஸ்டாக்கில் எழுதி வைக்கும். ரெஜிஸ்டர் வேகமானது என்பதே இதற்கெல்லாம் காரணம். ஆயினும் ரெஜிஸ்டர்கள் ஒரு தொகுதிதான் உண்டு. பாமணியாற்றுக்குள் இறங்கும்போது வெண்ணாற்றின் மதிப்புகள் எங்காவது காத்திருக்க வேண்டும். அந்த இடம் இன்றும் ஸ்டாக்தான்.

திரும்பும் முகவரி தரவுகளுக்குப் பக்கத்திலேயே இருப்பதன் ஆபத்தையும் சொல்ல வேண்டும். ஸ்டாக் கீழ்நோக்கி வளர்ந்தாலும், அதற்குள் உள்ள அணி மேல்நோக்கித்தான் நிரம்புகிறது. ஆகவே அளவைச் சோதிக்காமல் எழுதினால் பழைய இபிபியும், அதற்கு மேலுள்ள திரும்பும் முகவரியும் அழிக்கப்படும். 1988 நவம்பரில் இணையத்தில் தானாகப் பரவிய மோரிஸ் புழு என்ற தீநிரல் நுழைந்த வழிகளில் ஒன்று இதுவே: ஃபிங்கர் சேவையின் 512 பைட் அணிக்கு 536 பைட் அனுப்பி, திரும்பும் முகவரியைத் தன் விருப்பப்படி மாற்றியது. அந்தச் சேவை பயன்படுத்திய, அளவைச் சோதிக்காத கெட்ஸ் என்ற செயற்கூறு 2011இன் சி தரநிலையில் நீக்கப்பட்டது. இன்றைய கம்பைலர்கள் சொந்த மாறிகளுக்கும் திரும்பும் முகவரிக்கும் இடையே ஒரு தற்போக்கு எண்ணை வைத்து, திரும்புமுன் அது மாறியிருக்கிறதா என்று சோதிக்கும் காவலைச் சேர்க்கின்றன. கெட்ஸை இன்னும் பாடமாக நடத்தும் வகுப்புகள் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

தாமே பார்க்க விரும்புகிறவர்கள் குழியாக்கு நிரலை ஜிசிசியில் எம்32, ஜி ஆகிய தெரிவுகளோடு மொழிமாற்றி, ஜிடிபி டிபக்கரில் குழியாக்கின் முதல் வரியில் நிறுத்தி, இபிபியிலிருந்து மேல்நோக்கி ஐந்து சொற்களை அச்சிடச் சொல்லுங்கள். பழைய இபிபி, திரும்பும் முகவரி, 2, 7, 35 என்று வரிசையாக வரும். பேக்ட்ரேஸ் கட்டளை இதே சங்கிலியைத்தான் ஃபிரேம் ஃபிரேமாக ஏறிப் படித்துக் காட்டுகிறது. மேம்படுத்தும் தெரிவு எதையும் கொடுக்க வேண்டாம். ஓ2 என்று கொடுத்தால் கம்பைலர் விடையை முன்கூட்டியே கணக்கிட்டு 4735 என்ற எண்ணை மட்டும் எழுதிவிடும், பார்ப்பதற்கு அழைப்பே இருக்காது.